தகவல் செயலாக்கமும் நம் பாடசாலைச் சிறாரும்

கல்வி வளர்ச்சியைக் குறித்துப் பேசப் புகுவோர் எவரும் இக்காலத்திற் கணினியைப் பேசாது விடுவதில்லை. பாடசாலைக்குக் கணினி வந்ததா என்பது அவர்தம் முதல் வினா. எத்தனை வந்தன என்பது இரண்டாம் வினா. அக்கணினி எதனைச் செய்கின்றது, அதனை ஏவும் மாணாக்கன் எதனை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் மூன்றாம் வினாவைக் கேட்போர் மிகச் சிலரே. அம்மூன்றாம் வினாவையே ஈண்டு நாம் எடுத்துக்கொள்கின்றோம். எந்தக் கலையும் தான் அறிந்த ஊரொன்றில் வைத்துக் காட்டினாலன்றிச் சிறுவர் மனத்தில் நன்கு பதியாது. ஆதலின் நம் உதாரணங்களைப் பெரும்பாலும் யாவரும் அறிந்த திருவண்ணாமலையினின்றே எடுப்போம். நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்து ஆசிரியராக விளங்குவோரும், இனி ஆசிரியராகப் போவோரும் இதனைச் சற்றுக் கருத்தூன்றிப் படிப்பாராக.

தரவு என்பது யாது? ஒருவர் கண்டோ கேட்டோ அளந்தோ குறித்து வைத்த செய்தியே தரவு. இன்று மழை 12 மில்லிமீட்டர். ஏழாம் வகுப்பில் வராதோர் நால்வர். இன்ன புலத்தில் விளைந்தது மணிலா: இவை யாவும் தரவுகளே. இத்தகைய குறிப்புகளைத் திரட்டி, பிழை களைந்து, வகைப்படுத்தி, வரிசைப்படுத்தி, தொகுத்து, அவற்றினின்று ஒரு முடிவை உய்த்துணரும் தொழிலுக்கே தகவல் செயலாக்கம் என்று பெயர். கணினி இத்தொழிலை விரைந்து செய்யும் ஒரு கருவி, தொழிலே கருவியன்று. உழவையறியாதவன் கையிற் கொடுத்த உழுபொறி நிலத்தை எங்ஙனம் பாழ்படுத்துமோ, அங்ஙனமே இத்தொழிலின் முறைமை அறியாதவன் கையிற் கொடுத்த கணினியும் உண்மையைப் பாழ்படுத்தும். ஆதலின், முறைமையை முன்னும் பொறியைப் பின்னும் கற்பித்தல் வேண்டும் என்பதும், அம்முறைமையைச் சிறுவர் தம் ஊரின் மெய்யான தரவுகளைக் கையாண்டே கற்றல் வேண்டும் என்பதும் நாம் கூறப்போந்த கருத்தாகும்.

நம் மாநிலத்துப் பாடநூலாசிரியர்கள் இதனை முற்றும் மறந்தாரல்லர். 2018ஆம் ஆண்டு முதலாக வெளிவந்த புதிய கணித நூல்களில், ஆறு, ஏழு, எட்டு ஆகிய வகுப்புகளுக்குத் 'தகவல் செயலாக்கம்' என்ற பெயராலேயே ஓர் இயலை அவர்கள் வகுத்திருக்கின்றனர். ஒழுங்குபடப் பட்டியலிடுதல், மர வரைபடம், பாய்வுப் படம் முதலியவை அதிற் கூறப்படுகின்றன. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிற் புள்ளியியல் வருகின்றது. கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என்பன கற்பிக்கப்படுகின்றன. பதினொன்றாம் வகுப்பில் விரும்புவோர்க்குக் கணினி அறிவியல் உண்டு. இவையெல்லாம் பாராட்டத்தக்கனவே. ஆயினும் ஒரு குறை உளது. நூலிற் கொடுக்கப்பட்ட எண்கள் யாவும் முன்னரே துப்புரவு செய்யப்பெற்றவை. அவற்றை யார் எண்ணினார், ஏன் எண்ணினார், எவரை விட்டார் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. சமைத்து இலையிலிட்ட சோற்றை மட்டும் கண்ட பிள்ளை நெல்லின் வரலாற்றை அறியாதவாறு போல, சூத்திரத்தில் இடுதற்கென்றே அமைத்த எண்களை மட்டும் கண்ட மாணாக்கனும் தரவின் வரலாற்றை அறியாது நூறு மதிப்பெண் பெற்றுவிடுகின்றான்.

இக்கலை மேனாட்டினின்று நேற்று வந்திறங்கியது என்று எண்ணுவோர் நம்மில் உளர். அவர் தம் ஊர்க் கிராமக் கணக்கைச் சிறிது நோக்குக. சிட்டா என்றும் அடங்கல் என்றும் இரண்டு பதிவேடுகளை உழவர் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் கேள்வியுற்றிருப்பர். அடங்கல் புல எண்ணின் வரிசையில் அமைந்தது. இன்ன எண்ணுள்ள நிலத்தில் இந்தப் பசலியில் இன்ன பயிர் என்று அது கூறும். சிட்டா பட்டாதாரரை முதலாகக் கொண்டது. இன்னாருக்கு இன்னின்ன புலங்கள் உரியன என்று அது கூறும். நிலம் ஒன்றே, செய்தியும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் வினா வேறாதலின் வரிசையும் வேறாயிற்று. "இந்த ஆண்டு மணிலா எத்தனை ஏக்கர்?" என்பார்க்கு அடங்கல் விடை தரும், "இன்னாருக்கு எவ்வளவு நிலம்?" என்பார்க்குச் சிட்டா விடை தரும். ஒரே தரவை வேண்டும் வினாவுக்கேற்ப வேறுவேறு திறவுகோல் கொண்டு வரிசைப்படுத்துதல் தகவல் செயலாக்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கருணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அவ்வேடுகளும் இன்று கணினியில் ஏறிவிட்டன. அவற்றின் உள்ளிருக்கும் அறிவு மாறிற்றில்லை.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், அண்ணாமலையார் கோயிற் சுவர்களைக் காண்போம். அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த நூலைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. பொதுவாக நம் நாட்டுத் தானக் கல்வெட்டொன்றை எடுத்துக்கொண்டால், அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடையாளி பெயர், அவர் ஊர், கொடுத்த பொருள், அதன் பயன், காத்தற்குரியார் என்று ஒரு முறைமை அதிற் காணப்படும். நந்தாவிளக்கு ஒன்று எரிதற்கு இத்தனை ஆடு என்று அளவும் குறிக்கப்பெறும். பத்திகளாகப் பிரித்து எழுதினால் இஃது ஒரு படிவமே அன்றோ!

இது வெறும் உவமையன்று. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும், நம் நாட்டு அறிஞர் எ. சுப்பராயலுவும், தோரு மட்சுயியும் கூடி, சோழர் கல்வெட்டுகளிற் காணும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டிக் கணினியின் துணைகொண்டு வகைப்படுத்தி, 1978இல் மூன்று தொகுதிகளாக ஒரு பெயரகராதியை மதுரையில் வெளியிட்டனர். ஒரு கல்வெட்டைப் படிப்பவர் ஒரு கொடையை அறிவார். ஆயிரக்கணக்கானவற்றை ஒருங்கு வைத்து எண்ணியவரோ, மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எவ்வரசர் காலத்திற் பெருகின, எப்பகுதியில் மிகுந்தன என்று கண்டு, அரசியல் அமைப்பு மாறிய வகையை உய்த்துணர இயன்றது. தனித்தனியே கிடந்தபோது ஊமையாயிருந்த செய்திகள், ஒழுங்குபட வைத்த அளவில் வாய் திறந்தன. இவ்வியப்பையே நம் சிறுவர் உணர்தல் வேண்டும்.

இனி, பாடசாலையில் இதனை எங்ஙனம் நடத்துவது என்று கேட்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். திருவண்ணாமலையிற் பௌர்ணமிதோறும் மலையை வலம் வருவோர் கூட்டம் பெரிது. அந்நாளில் மாணாக்கர் வருகை குறைகின்றதா என்னும் வினாவை எட்டாம் வகுப்பாரிடம் விடுக. "குறையும்" என்று பாதிப்பேரும், "குறையாது" என்று பாதிப்பேரும் கூவுவர். இரண்டும் அபிப்பிராயமே, விடை வருகைப் பதிவேட்டில் உறங்குகின்றது. அதனை எடுத்து நாள்தோறும் வந்தோர் தொகையைக் குறிப்பது திரட்டல். ஒரு நாள் ஆசிரியர் விடுப்பினாற் பதிவு விடுபட்டிருந்தால் அதனைப் பூச்சியம் என்று கொள்ளாது 'பதிவில்லை' என்று தனியே வைப்பது திருத்தம். பௌர்ணமி, பிற நாள் என இருகூறாக்குவது வகைப்பாடு. ஒவ்வொன்றின் சராசரியைக் காண்பது தொகுப்பு. இவ்வளவும் முடிந்த பின்னரே உண்மையான கல்வி தொடங்குகின்றது.

பௌர்ணமி திங்கட்கிழமையில் வந்ததாயின், வருகை குறைந்தது நிலவினாலா, திங்கட்கிழமையினாலா? ஆதலின் பிற திங்கட்கிழமைகளோடு அதனை ஒப்பிடுதல் முறை. ஆண்டொன்றில் வரும் பௌர்ணமி பன்னிரண்டோ பதின்மூன்றோ. விடுமுறையில் வருவனவற்றை நீக்கினால் எஞ்சுவன எட்டோ ஒன்பதோ தான். அத்துணைச் சிறு தொகையினின்று உறுதியான முடிவு கூறலாமா? கூடாதெனின், மூன்று ஆண்டுப் பதிவேடுகளை எடுத்தல் வேண்டும். வராதோர் எவர், அவர் நகரத்துப் பிள்ளைகளா, பேருந்தில் வரும் கிராமத்துப் பிள்ளைகளா என்று மேலும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஒருகால் குறைவு பக்தியினால் அன்று, பேருந்து நெரிசலினால் என்று விளங்குமாயின், அதற்குரிய பரிகாரமும் வேறாகும். பதின்மூன்று வயதுச் சிறுவன் இதனை ஒருமுறை தன் கையாற் செய்துவிட்டால், வாழ்நாளில் எவரும் அவனை ஓர் எண்ணைக் காட்டி எளிதில் மருட்ட இயலாது.

மருட்டும் எண்கள் எங்கும் உள. தீபத் திருவிழாவுக்கு இத்தனை இலட்சம் பேர் வந்தனர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதனை மறுப்பதும் நம்புவதும் நம் நோக்கமன்று. அளந்து பார்க்கக் கற்பிப்பதே நோக்கம். மலை வலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர், அதாவது 14,000 மீட்டர். மக்கள் நடக்கும் அகலத்தைச் சராசரி 10 மீட்டர் என்று கொண்டால், பரப்பு 1,40,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இருவர் என்று கொண்டால், ஒரு நேரத்திற் பாதையில் இருக்கக் கூடியவர் 2,80,000 பேர். ஒருவர் சுற்றி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்றும், இரவு பகலாகப் பாதை நிறைந்தே இருந்தது என்றும் கொண்டால், ஒரு நாளில் ஆறு முறை கூட்டம் மாறும். ஆகவே 16,80,000 பேர் என்பது இவ்வனுமானங்களுக்கு உட்பட்ட எல்லையாகும். அகலத்தை மாற்றினால் விடை மாறும்; நெருக்கத்தை மாற்றினாலும் மாறும். எந்த அனுமானத்தின்மேல் எவ்வெண் நிற்கின்றது என்று காண்பதே இப்பயிற்சியின் பயன். 'ஒரு நேரத்தில்' என்பதற்கும் 'ஒரு நாளில்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை இக்கணக்கு விளக்குவதுபோல வேறெதுவும் விளக்காது.

மக்கட்தொகைக் கணக்கும் நல்லதொரு பாடநூல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்கள் 12,35,889, பெண்கள் 12,28,986, ஆக மொத்தம் 24,64,875. இவ்விரண்டையும் கூட்டி மொத்தம் சரிதானா என்று பார்ப்பது மாணாக்கனின் முதற் கடமை. அச்சிட்டது என்பதனால் எண் மெய்யாகிவிடாது. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் 994 வரும். தமிழ்நாடு முழுமைக்கும் அது 996. திருவண்ணாமலை நகராட்சியின் மக்கட்தொகை அக்கணக்கில் 1,45,278. மாவட்டத்து நூறு பேரில் ஏறக்குறைய அறுவரே அந்நகரினர். நாடெங்கும் பெயர் பெற்ற நகரை வைத்து மாவட்டத்தை மதிப்பிடுவோர் எஞ்சிய தொண்ணூற்று நால்வரை மறந்துவிடுகின்றனர் என்பதனை இச்சிறு வகுத்தற் கணக்கே காட்டிவிடும்.

இன்னொரு நுட்பமும் இவ்வெண்களில் உண்டு. 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட விவர நூலில் திருவண்ணாமலைத் தாலுகா இடம்பெற்றது. பின்னர் அது வடவார்க்காட்டைச் சேர்ந்தது. 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்து அண்டைச் சிற்றூர்களையும் தன்னுட் கொண்டது. எல்லை மாறியதை அறியாது, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து, 'நகரம் இத்துணை வளர்ந்தது' என்று முடிவு கூறுவோன் வளர்ந்த மக்களையும் சேர்ந்த ஊர்களையும் ஒன்றாக்கி மயங்குகின்றான். பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள் ஒன்றன்று. எண்ணின் முன்னே வரையறை வேண்டும் என்பதனை இதனினும் தெளிவாக எங்ஙனம் கற்பிப்பது?

சராசரி என்பதும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளத்தக்கது. ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் உள்ளனவாக வைத்துக்கொள்வோம். நான்கு குடும்பங்களுக்கு மாத வருவாய் 10,000 ரூபாய். ஐந்தாவதற்கு 1,60,000 ரூபாய். சராசரி 40,000 ரூபாய்! இத்தெருவில் வறுமை இல்லை என்று ஓர் அதிகாரி எழுதிவிடலாம். இடைநிலை அளவைக் கேட்டால் 10,000 என்று அது உண்மையைச் சொல்லும். இவ்விரண்டையும் தேர்வுக்கெனப் படித்த மாணாக்கர் பல்லாயிரவர். இவற்றுள் எதனை எப்போது கேட்பது நியாயம் என்று சிந்தித்தோர் எத்துணையர்?

பொறியின் வரலாற்றையும் அவர்கள் சிறிது அறிதல் நலம். அமெரிக்க நாட்டில் 1880ஆம் ஆண்டு எடுத்த மக்கட்தொகைக் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அடுத்த கணக்கு வருமுன் முந்தையது முடியாதோ என்னும் அச்சம் பிறக்கவே, ஹெர்மன் ஹாலரித் என்பார் துளையிட்ட அட்டைகளை மின்சாரத்தால் எண்ணும் பொறியை அமைத்தார். 1890ஆம் ஆண்டில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மொத்தத்தை அது சில மாதங்களிற் கூட்டித் தந்தது. நம் நாட்டிற் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியற் கழகத்தில் 1956இல் மின்னணுக் கணினி இயங்கத் தொடங்கிற்று. 1984இல் இந்திய அரசு பாடசாலைகளிற் கணினிக் கல்வி புகுத்தும் திட்டத்தைத் தொடங்கி, பி.பி.சி. மைக்ரோ என்னும் இங்கிலாந்துக் கணினிகளை வழங்கிற்று. அட்டைப் பொறி பொருட்காட்சிக்குப் போயிற்று, பி.பி.சி. மைக்ரோவும் போயிற்று, இன்று நம் மேசைமேல் இருப்பதும் ஒருநாள் போகும். வினா எழுப்புதல், வரையறுத்தல், திரட்டல், திருத்தல், வகுத்தல், உய்த்துணர்தல் என்னும் முறைமை மட்டும் போகாது. எது நிலைக்குமோ அதனைக் கற்பிப்பதே கல்வி.

இத்துணை வற்புறுத்துவது எதற்கு என்று சிலர் ஐயுறலாம். எண்ணிக்கை என்பது உயிரோடு தொடர்புடையது என்பதே நம் விடை. சென்னை மாகாணத்து மக்கட்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கில் 3 கோடியே 12 இலட்சத்தை ஒட்டியிருந்தது. 1881இல் 3 கோடியே 8 இலட்சத்தை ஒட்டி நின்றது. பத்தாண்டிற் பெருகியிருக்க வேண்டிய தொகை குறைந்தது. இடையில் நிகழ்ந்தது 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். இரு தொகைக்கும் உள்ள வேற்றுமை நான்கு இலட்சம் என்று மேலோட்டமாகக் கணக்கிடுவோன், பெருகியிருக்க வேண்டியவர்களைக் கணக்கில் விட்டுவிடுகின்றான். இழப்பு அதனினும் மிகப் பெரிது. அவ்விரண்டு அட்டவணைகளும் இல்லையாயின், பெயரில்லாது மாண்டோர்க்குச் சான்று கூறுவாரும் இல்லாது போயிருப்பர்.

எண்ணப்படாதவர் நினைக்கப்படார் என்பது இன்றைக்கும் பொருந்தும். ஜவ்வாது மலைச் சிற்றூரினின்று பருவகாலத்திற் பிழைப்பு நாடிக் குடும்பத்தோடு வெளியூர் சென்றோரின் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர் ஏட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், அவ்வீட்டுப் பெண்குழந்தை பாடசாலைக் கணக்கிலும் இல்லை, பங்கீட்டுக் கணக்கிலும் இல்லை. 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நிகழ்ந்த கணக்கெடுப்பு, 2021இற் பெருந்தொற்றின் காரணமாக நிகழாது போயிற்று. 2027 மார்ச்சு 1ஆம் நாளை ஆதாரமாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பைக் கைப்பேசிச் செயலியின் வாயிலாக நடத்த இந்திய அரசு 2025இல் அறிவித்தது. இவ்வேலையில் வீடுதோறும் செல்வோருட் பெரும்பாலோர் ஆசிரியரே ஆவர். செயலி எத்துணைச் சிறந்ததாயினும், பூட்டிய கதவின் முன் நின்று, "அண்டை வீட்டாரைக் கேட்போம், மீண்டும் ஒருநாள் வருவோம்" என்று எண்ணுவது ஆசிரியரின் மனச்சான்றே. தரவின் தூய்மை பொறியிற் பிறப்பதன்று, வாயிற்படியிற் பிறப்பது.

இக்கருத்துக்கு மாறாகக் கூறப்படும் தடைகள் மூன்று. கிராமத்துப் பாடசாலைகளிற் போதிய கணினி இல்லை என்பது முதலாவது. 1901ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் ஆளொருவருக்கு ஒரு சீட்டு என எழுதி, மதத்திற்கு ஏற்ப நிறம் வேறாக்கி, அச்சீட்டுகளைக் கையால் வகை வகையாகப் பிரித்தே கோடிக்கணக்கான மக்களின் விவரங்களைத் தொகுத்தனர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது சீட்டுகளும் நான்கு தீப்பெட்டிகளும் போதாவா? சீட்டைப் பிரித்து அடுக்கிய பிள்ளை பின்னர்க் கணினியில் அதே வேலையைக் காணும்போது, அது மாயமன்று, தான் செய்ததையே விரைவாகச் செய்கின்றது என்று உணரும்.

பாடச்சுமை மிகும் என்பது இரண்டாவது. புதுப் பாடம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. இருக்கும் இயலுக்கு ஆண்டில் ஒரு மெய்யான ஆராய்ச்சி சேர்க்க என்பதே நம் வேண்டுகோள். ஆறாம் வகுப்பார் மழையை அளக்கட்டும். ஏழாம் வகுப்பார் ஊர்க்கிணற்று நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் குறிக்கட்டும். எட்டாம் வகுப்பார் வருகைப் பதிவேட்டை ஆராயட்டும். ஒன்பதாம் வகுப்பார் சந்தையிற் காய்கறி விலையின் ஏற்ற இறக்கத்தை வரையட்டும். பத்தாம் வகுப்பார் மக்கட்தொகை அட்டவணைகளைப் படிக்கட்டும். கணிதமும் தமிழும் சமூகவியலும் ஓரிடத்திற் கூடும். கண்டதைத் தெளிவாக எழுதுவதும் இத்தொழிலின் ஓர் உறுப்பே ஆதலின், தமிழாசிரியருக்கும் இதிற் பங்குண்டு.

மூன்றாவது தடை புதியது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. எண்களைக் கொடுத்தால் அதுவே முடிவைச் சொல்லும். பிள்ளைகள் ஏன் வருந்தல் வேண்டும் என்பர். பதிவு விடுபட்ட நாளை எவரேனும் பூச்சியம் என்று எழுதியிருந்தால், அப்பூச்சியத்தையும் சேர்த்தே பொறி சராசரி காணும். மாவட்ட எல்லை மாறியது சொல்லப்படாதாயின் அதனை அறியாதே வளர்ச்சி கூறும். மேலும் தயக்கமின்றி, நல்ல நடையிற் கூறும். ஆபத்தும் அதிலேயே இருக்கின்றது. விடை எளிதிற் கிடைக்கும் காலத்தில், விடையை ஐயுறும் ஆற்றல் முன்னினும் பன்மடங்கு வேண்டற்பாலது.

ஒரு காவலும் இதனோடு கூறியாதல் வேண்டும். நம் மாணாக்கர் தரவு திரட்டுவோர் மட்டுமல்லர். தாமே தரவாகவும் உள்ளவர். தமிழ்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் விவரங்கள் 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் முறைமையிற் பதிவாகியுள்ளன. பிறப்பு, சாதி, பெற்றோர் தொழில், உடற்குறை போன்ற செய்திகள் ஒருவரின் மானத்தோடு ஒட்டியவை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. வகுப்பில் ஆராய்ச்சி செய்யும்போதே, பெயரை நீக்கி எண்ணை மட்டும் வைத்தல், வேண்டாததைக் கேளாதிருத்தல், விருப்பமில்லாதவரை வற்புறுத்தாமை என்னும் மூன்று ஒழுக்கங்களையும் பழக்குதல் வேண்டும். தோழனின் வறுமையைக் கரும்பலகையில் எழுதிச் சராசரி காண்பது கணிதமும் அன்று, கல்வியும் அன்று.

ஆதலின், அன்புள்ள மாணவ நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்னாள் மாணவச் செல்வர்களே! உங்களிற் பாடசாலை நடத்துவோர் வருங் கல்வியாண்டில் ஒரு வகுப்பையேனும் இவ்வாறு தொடங்கிப் பார்ப்பீராக. பெருஞ் செலவு இதற்கு வேண்டுவதில்லை. ஒரு நல்ல வினாவும், ஒரு நோட்டுப் புத்தகமும், கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும் போதும். தாம் எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்தபோதும் அதனை அழிக்காது எழுதிய பிள்ளை, தரவை மட்டுமன்றி வாய்மையையும் கற்றதாகும். அத்தகைய பிள்ளைகள் நாளை கணக்கெடுக்கச் செல்வராயின், பூட்டிய கதவைத் தட்டாது திரும்பார். ஆட்சி செலுத்துவராயின், சராசரியைக் காட்டி ஏழையை மறையார்.